வேலியும் நானும்

என் கணவர் என்னைக் காதலிக்கத் தொடங்கியது, எங்கள் மகள் வளர்ந்து, அவளும் கலியாணம் கட்டிக் கனடாவுக்குப் போன பிறகுதான். இதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. அதற்கு முன் அவர் என்னை வெறுத்தார் என்றும் இல்லை. பேசிச் செய்த கலியாணம். நல்ல மனுசன். குடியில்லை, கை நீட்டியதில்லை, சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து அலுமாரியில் வைப்பார். நெடுந்தீவில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்த காலம் முழுக்கக் கடைக்கு வருகிறவர்களோடு பேசிய அளவுக்கு என்னோடு பேசியிருக்க மாட்டார். ஏதாவது வேண்டுமென்றால் "இஞ்சாரும்" என்பார். அந்த ஒரு சொல்லுக்குள் தேத்தண்ணியும் அடங்கும், காய்ச்சலும் அடங்கும். நான் இங்குள்ள பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். நாள் முழுக்கக் கத்திவிட்டு வருகிறவளுக்குப் பேசாத மனுசன் வாய்த்தது ஒருவகையில் ஓய்வாகவும் இருந்தது. குறை சொல்ல எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

பிறகு அவருக்கு வலது கை நடுங்கத் தொடங்கியது. சீனி நிறுக்கும்போது கடதாசிச் சரைக்கு வெளியே கொட்டினார். மனேச்சர் குடிக்கத் தொடங்கிவிட்டார் என்று ஊரில் கதை அடிபட்டது. எனக்கு வந்த கோபத்தில் அவரை இழுத்துக்கொண்டு படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனேன். கிளினிக்கில் இருந்த இளம் டொக்டர் அவரை நடக்கவிட்டுப் பார்த்தார், விரல்களைத் தட்டச் சொல்லிப் பார்த்தார், பார்க்கின்சன் வருத்தம் என்றார். மூளையில் சுரக்க வேண்டிய டோபமின் குறைந்துவிட்டது, அதற்கு ஈடாகக் குளிசை தருவோம் என்று விளக்கினார். நான் முன்வாங்கில் இருக்கும் கெட்டிக்காரப் பிள்ளை மாதிரித் தலையாட்டினேன். இதெல்லாம் எனக்குத் தெரிந்த பாடம்தானே.

முதலில் தந்த குளிசை போதாமல் போக, இரண்டாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள். அதன் அளவை ஒவ்வொரு கிளினிக்கிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். கை அடங்கியது. சேட்டுக்குத் தானே பொத்தான் பூட்டினார். வேலையிலிருந்து நேரத்தோடு ஓய்வு வாங்கியிருந்ததால் வீட்டில்தான் இருந்தார். ஒருநாள் நான் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். வந்து வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். ஏதோ வேண்டும்போலிருக்கிறது என்று நினைத்து, "என்ன?" என்றேன்.

"ஒண்டுமில்லை. உம்மைப் பாத்துக்கொண்டிருக்க நல்லா இருக்கு" என்றார்.

எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். கையில் செதிள், தலையில் பழைய துவாய், உடம்பெல்லாம் வேர்வை. இதில் பார்க்க என்ன இருக்கிறது? "பாத்தது காணும், போய்த் தண்ணி அள்ளுங்கோ" என்றேன். போய் அள்ளிக்கொண்டு வந்து திரும்பவும் அதே கதிரையில் உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து அவர் பேசத் தொடங்கினார். கலியாணத்தன்று நான் தலைகுனிந்து நின்றபோது என் காதோரம் ஒரு மயிர்ச் சுருள் வெளியே வந்து நின்றது, அதையே தான் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். மகள் பிறந்த நேரம் ஆஸ்பத்திரி வாசலில் நின்று நடுங்கியதைச் சொன்னார். இவ்வளவும் இவருக்குள் எங்கே கிடந்தது என்று நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். பச்சைச் சீலை உடுத்தால் "உமக்கு இது நல்ல வடிவு" என்றார். படகில் ஆண்கள் மேலே வெளியிலும் நாங்கள் உள்ளேயும் இருப்பதுதான் வழக்கம். அவர் உள்ளே வந்து, பெண்களுக்கு நடுவில் இடம் கேட்டு, என் பக்கத்தில் இருந்தார். ஒருநாள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நான் திரும்பவில்லை. பக்கத்து வீட்டில் யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

பாடசாலை விடும் நேரத்துக்குக் குடையோடு கேற்றடியில் வந்து நிற்பார். "ரீச்சர், உங்கட மாப்பிளை வந்து நிக்கிறார்" என்று கூடப் படிப்பிக்கிறவர்கள் பகிடி பண்ணினார்கள். வெட்கத்தில் முதல் கிழமை அவரைப் பேசித் துரத்தினேன். அடுத்த கிழமை, மணி அடிப்பதற்கு முன்பே நான் ஜன்னலால் கேற்றைப் பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

இதைச் சொல்லாமல் விட்டால் மிச்சக் கதை விளங்காது. எனக்கு அவரில் விருப்பம் வந்துவிட்டது. பேரப்பிள்ளை காணவேண்டிய வயதில், வளையல் கடையில் நின்று கண்ணாடி பார்த்தேன். அவர் வாயில் என் பெயர் வரும்போது, கேளாதமாதிரி நின்று இரண்டாம் முறையும் கூப்பிட வைத்தேன். பதினாறு வயதுப் பெட்டைகளுக்கு வருவதாகச் சொல்லப்படும் அத்தனையும் வந்தது. அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. பயமாகவும் இருந்தது, விடவும் மனமில்லை.

இதே காலத்தில்தான் வேலியும் தொடங்கியது. எங்கள் தீவில் வேலி என்றால் கல்வேலிதான். பவளப்பாறைத் துண்டுகளான முருகைக் கற்களைச் சாந்து கீந்து ஒன்றும் இல்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைப்பது. எங்கள் மேற்குப் பக்க வேலியில் இரண்டு கற்கள் சரிந்து கிடந்தன. அவற்றைத் தூக்கி வைக்கப் போன மனுசன், அந்தத் துண்டு முழுவதையும் இறக்கி மறுபடி அடுக்கினார். நல்ல விஷயம், உடம்பும் அசைகிறது என்று நினைத்தேன். அடுத்த நாள் அதே துண்டை மறுபடி இறக்கினார். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். காலைத் தேத்தண்ணி குடித்த கையோடு போனால் வெயில் உச்சிக்கு ஏறும் வரைக்கும் கல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார், வைப்பார், எடுப்பார். விரல் நுனியெல்லாம் தோல் கிழிந்தது. "ஏன் இப்பிடி?" என்று கேட்டால், "வடிவா வரேல்லை. அதுதான்" என்பார்.

பிரித்துப் போட்ட இடத்தால் எங்கள் மாடு புகுந்து, மேற்கு வளவுக்காரர் வைத்திருந்த மிளகாய்க் கன்றுகளைத் தின்றுவிட்டது. அதைக்கூட வளவுக்காரர் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் இறக்கி ஏற்றுகிற வேலி ஒரே இடத்தில் நிற்குமா? எங்கள் ஊரில் ஒருவன் எல்லை வேலியைத் தொட்டுக்கொண்டே இருக்கிறான் என்றால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். ஒரு நாள் வளவுக்காரர் கயிறு கொண்டுவந்து அளந்து பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"ரீச்சர், கேக்கக் கூடாது, ஆனா கேக்கிறன். அண்ணை ஏன் வேலியை எங்கட பக்கம் அரக்கிறார்? காணி வேணுமெண்டா வாயால கேக்கலாமே. அப்பற்ற காலத்திலயிருந்து அந்த வேலி அதிலதான் நிண்டது."

நான் என்னத்தைச் சொல்ல? இவருக்குக் காணி ஆசை இல்லை, கல்லில் ஆசை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ஊர்க் காணிப் பிணக்குகளைப் பார்க்கிற விதானையார் வந்தார். என் கணவர் அவருக்கும் அதே பதிலைத்தான் சொன்னார்: வடிவாக வரவில்லை. விதானையார் என்னைப் பார்த்தார். களவெடுத்தவனின் பெண்சாதியைப் பார்க்கிற பார்வை. வாழ்நாள் முழுக்கத் தராசைச் சரியாகப் பிடித்த மனுசனுக்கு இந்தப் பெயரா என்று எனக்கு அழுகை வந்தது. அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் கேட்டுவிடுவது என்று முடிவெடுத்தேன்.

அவரை நிறை பார்க்க அனுப்பிவிட்டு, நான் வேலிக் கதையைச் சொன்னேன். டொக்டர் ஆச்சரியப்படவே இல்லை. "இது அந்த ரெண்டாவது குளிசையால வாறது அம்மா. சிலபேர் சூதாடுவினம், சிலபேர் தேவையில்லாததெல்லாம் வாங்கிக் குவிப்பினம், சிலபேர் றேடியோவைக் கழட்டிக் கழட்டிப் பூட்டுவினம். உங்கட அவருக்கு வேலி." நிம்மதியாக இருந்தது. களவு இல்லை, வருத்தம். இதை விதானையாரிடம் சொல்லலாம்.

பிறகு டொக்டர் பேனையை எடுத்து, தலை நிமிராமல் கேட்டார்: "வேற? உங்களில கூடுதலா விருப்பம் காட்டுறாரோ? கிட்ட இருக்க வேணும், கதைக்க வேணும் எண்டு?"

சூது, றேடியோ, வேலி என்று சொன்ன அதே குரல். எனக்குக் காதுமடல் சுட்டது. "ஓம்" என்றேன்.

"அதுவும் அதாலதான்" என்று சொல்லி எழுதினார். வேலி எழுதிய வரியிலேயே என்னையும் எழுதினார். பிறகு அந்தக் குளிசையைப் படிப்படியாகக் குறைப்போம் என்றார்.

"அப்ப எல்லாம் குறையுமோ?"

"எல்லாம் பழையமாதிரி வந்திடும். பயப்பிடாதேங்கோ" என்றார். பாவம், எனக்கு நல்ல செய்தி சொல்வதாக நினைத்துச் சொன்னார்.

குறைக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. சொல்லியிருந்தால் என் கணவரின் விரல்கள் இன்னும் கிழியும், ஊர் அவரைக் காணிக் கள்ளன் என்னும். அதைவிட, வருத்தத்தால் வந்த ஒன்றை எனக்கு ருசியாக இருக்கிறது என்பதற்காக வைத்திருக்கச் சொல்ல நான் யார்? இதை நான் பெருந்தன்மையாகச் சொல்லவில்லை. அந்த நேரம் எனக்கு டொக்டரில் கோபம், அவரில் கோபம், மருந்து செய்தவனில் கோபம். முழுக்கக் கோபத்தோடுதான் தலையாட்டினேன்.

குறிகட்டுவானில் படகுக்குக் காத்திருந்தபோது அவரிடம் சொன்னேன். வேலியையும் சொன்னேன், மற்றதையும் சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"அப்ப நான் உம்மட்டைச் சொன்னதெல்லாம் குளிசை சொன்னதெண்டு நினைக்கிறீரோ?"

நான் படகு வருகிறதா என்று பார்த்தேன்.

"குறைக்கட்டும். எனக்கெண்டா குறையாது. பாரும்" என்றார். அவ்வளவு நிச்சயமாக அவர் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் படிப்பித்த பிள்ளை ஒருத்தி முந்தி ஒருமுறை கேட்டிருக்கிறாள், "ரீச்சர், காதல் இதயத்திலயோ மூளையிலயோ?" என்று. வகுப்பே சிரித்தது. மூளையில்தான், அதுவும் இரசாயனம்தான், பசி மாதிரி, நித்திரை மாதிரி என்று நான் மிடுக்காகச் சொன்னேன். அது பிழையான பதில் என்று இப்போதும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் பசி இரசாயனம் என்று தெரிந்தவருக்கும் பசிக்கத்தானே செய்கிறது? அந்தப் பிள்ளை கேட்டது வேறு ஏதோ, நான் சொன்னது வேறு ஏதோ என்று மட்டும் படுகிறது.

மகளுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். தாய் மகளிடம் சொல்கிற கதையில்லை, ஆனால் வேறு யாரிடம் சொல்ல? அவள், "அம்மா, குளிசை ஆசையைத்தான் குடுக்கும். ஆளைக் குடுக்காது. அப்பா உங்களைத்தானே தேடினவர்?" என்றாள். அன்று முழுக்க அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு திரிந்தேன். காதோரத்து மயிர்ச் சுருளைக் குளிசையா கண்டது? அது அவர் கண்ட சுருள். அத்தனை வருசமும் உள்ளே கிடந்ததைக் குளிசை திறந்துவிட்டது, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொன்னேன்.

பொழுதுபடச் சில்லறைத் தொட்டாட்டு வேலையாக மேற்குப் பக்கம் போனேன். வேலியைக் கண்டதும் அந்த ஆறுதலும் போய்விட்டது. வேலியையும்தான் அவர் தேடிப் போனார். தீவில் எத்தனையோ வேலி இருக்க இந்த வேலியைத் தேர்ந்தது அது அழகு என்பதாலா? வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. நானும் வீட்டுக்குள் இருந்தேன்.

குளிசை குறைந்தது. முதலில் வேலியை விட்டார். கடைசியாக அடுக்கிய துண்டு கொஞ்சம் கோணலாகவே நின்றது, அவர் அந்தப் பக்கம் போகவே இல்லை. மேற்கு வளவுக்காரருக்கு நான் வருத்தத்தைப் பற்றிச் சொன்னேன். மனுசன் கையெடுத்துக் கும்பிட்டு, பிழையாக நினைச்சிட்டன் என்றார். பிறகு கேற்றடிக்கு வருவது ஒன்றுவிட்ட நாளாகி, நின்றது. குசினி வாசலுக்கு வந்தார். தன் சொல்லைக் காப்பாற்றத்தான் வந்தார் என்று எனக்குத் தெரிந்தது. கதிரையில் உட்கார்ந்து என்னைப் பார்ப்பார். பாடமாக்கியது மறந்துபோன பிள்ளை மாதிரி இருப்பார். பிறகு எழும்பிப் போய்விடுவார். அவர் பாடுபடுவதைப் பார்க்க எனக்கு ஏலாமல் இருந்தது.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். "என்னெண்டு இருக்கு? உண்மையைச் சொல்லுங்கோ."

அவர் பொய் சொல்லத் தெரியாதவர். "எல்லாம் நினைவிருக்கு" என்றார். "அந்தச் சுருள் நினைவிருக்கு. உம்மட்டைச் சொன்னது ஒவ்வொண்டும் நினைவிருக்கு. பொய்யொண்டும் சொல்லேல்லை. ஆனா இப்ப வருகுதில்லை. நினைச்சுப் பாக்கிறன், வருகுதில்லை."

நான் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். செத்துப்போன கணவனுக்கு அழலாம், ஊர் கூடி அழும். ஓடிப்போனவனைத் திட்டலாம். இந்த மனுசன் முற்றத்தில் இருந்து மாட்டுக்குக் கஞ்சித்தண்ணி வைத்துக்கொண்டிருந்தார். இதற்கு எப்படி அழுவது என்று யாரும் பழக்கித் தரவில்லை.

அடுத்த கிளினிக்கில் டொக்டர் அவரை நடக்கவிட்டார். வேலி என்ன மாதிரி என்று கேட்டார். விட்டுவிட்டார் என்றேன். சந்தோசமாக எழுதினார். அப்போது என் கணவர் வாயைத் திறந்தார்.

"டொக்டர், அந்த ரெண்டாவது குளிசையைப் பழையபடி கூட்டித் தரேலுமோ?"

"ஏன், நடுக்கம் கூடிட்டுதோ?"

"நடுக்கத்துக்கில்லை." அவர் நிலத்தைப் பார்த்தார். "அப்ப இவவோட இருக்கேக்க நல்லா இருந்தது. இப்ப அது இல்லை. எனக்கு அது வேணும்."

இது குளிசை குறைந்த பிறகு வந்த சொல். காதல் வரவில்லை, ஆனால் அது வேண்டும் என்று ஒருவர் ஒரு அந்நியனுக்கு முன்னால் வெட்கத்தை விட்டுக் கேட்கிறார். இதையாவது நம்பலாம், இது அவர்தான் என்று மனம் துள்ளியது.

டொக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "கன பேர் இப்பிடிக் கேக்கிறவை அம்மா. குறைச்சா மூளை திருப்பித் தா எண்டு கேக்கும். அந்த ஆசையும் மருந்தாலதான். நாள் போகச் சரிவரும். கூட்டித் தர ஏலாது, திரும்ப வேலிக்குப் போயிடுவார்."

அதையும் எடுத்துவிட்டார். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம்; படித்தவர், நல்ல மனசுக்காரர், எங்களைப் போல எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறார். ஆனால் எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"அவருக்குக் குறைச்சுப் போட்டியள்" என்றேன். "எனக்கு என்ன செய்யப் போறியள்?"

அவர் பேனையை வைத்துவிட்டு அக்கறையோடு என் கைகளைப் பார்த்தார். "ஏன் அம்மா, உங்களுக்கும் நடுக்கம் கிடுக்கம் இருக்கோ?"

"இல்லை" என்றேன்.

டொக்டருக்கு விளங்கவில்லை. பக்கத்தில் இருந்தவருக்கு விளங்கிவிட்டது. வெளியே வந்து மருந்து எடுக்கிற வரிசைக்குப் பக்கத்து வாங்கில் உட்கார்ந்தோம். நான் எந்தக் குளிசையும் குடிக்கவில்லை. என்னுடையதும் மூளையில் ஊறுகிற ஏதோ ஒன்றாகத்தான் இருக்கும், நானே படிப்பிக்கிறேன். அதைக் கூட்டவோ குறைக்கவோ ஒருவரிடமும் மருந்துச் சீட்டு இல்லை.

"உமக்கு இன்னும் இருக்கோ?" என்று மெல்லக் கேட்டார்.

"ஓம்."

"எனக்கு வராமலே போனா என்ன செய்வீர்?"

"தெரியாது" என்றேன்.

அவர் தலையாட்டினார். கவலைப்படுகிறாரா, இல்லை கேட்டதோடு அவருக்கு முடிந்துவிட்டதா என்று அறிய அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். இந்த வருத்தம் போகப் போக முகத்துத் தசைகளை இறுக்கிவிடும். உள்ளே என்ன இருந்தாலும் வெளியே வராது. நான் எவ்வளவு நேரம் பார்த்தும் அதில் ஒன்றும் தெரியவில்லை.